வலி நின்ற பிறகுதான் கவனம் தேவை: வேர் சிகிச்சை செய்த பல்லைக் காப்பது எப்படி?

மலாக்கா மாநிலத்தின் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வாழும் மூத்த குடிமக்களுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினருக்குமான கையேடு



பல் வலி தாங்க முடியாமல் போனால், "பிடுங்கிப் போட்டுவிடுங்கள், டாக்டர்" என்று சொல்வதுதான் நம்மில் பலருக்குப் பழக்கம். அந்தக் காலத்தில் அதைத் தவிர வேறு வழியும் அதிகம் இல்லை. மலேசியாவில் குழாய்நீரில் ஃப்ளோரைடு சேர்க்கும் தேசியத் திட்டத்துக்கு அரசாங்கம் ஒப்புதல் தந்தது 1972-இல்தான். அதற்கு முன் கிணற்று நீரிலும் ஆற்று நீரிலும் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. அதனால் இளவயதிலேயே பற்களை இழந்தவர்கள் உங்களில் இருப்பீர்கள்.

இருக்கும் பற்களையாவது காப்பாற்ற வேண்டும். அதற்கு உதவும் ஒரு வழிதான் வேர் சிகிச்சை. உங்களுக்கு இந்தச் சிகிச்சை தொடங்கியிருந்தாலும் முடிந்திருந்தாலும் இந்தக் கையேடு உங்களுக்கானது. இதில் பல விவரங்கள் உள்ளன. ஆனால் ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்:

வலி நின்றுவிட்டது என்பதற்காகச் சிகிச்சை முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள்.

1. வேர் சிகிச்சை என்றால் என்ன?

பல் வெளியே கல்லைப் போலக் கெட்டியாக இருந்தாலும் அதன் நடுவில் மென்மையான சதை இருக்கிறது. இதைப் பற்கூழ் என்பார்கள். நரம்புகளும் இரத்தக் குழாய்களும் இதில்தான் உள்ளன. பல்லின் வேர்களுக்குள் இருக்கும் மெல்லிய குழாய்களின் வழியாக இவை தாடை எலும்போடு இணைகின்றன. முன்பற்களுக்கு வழக்கமாக ஒரு வேர். கடைவாய்ப் பற்களுக்கு இரண்டு அல்லது மூன்று வேர்கள் இருக்கும். குழாய்களோ மூன்று, நான்கு கூட இருக்கலாம்.

சொத்தை ஆழமாகப் போனால் கிருமிகள் பற்கூழுக்குள் நுழைந்துவிடும். பற்கூழ் அழுகும். வேரின் நுனியில் சீழ் கட்டும். இரவில் தூங்க விடாத வலி பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

வேர் சிகிச்சையில் பல் மருத்துவர் நான்கு வேலைகளைச் செய்கிறார்:

• கெட்டுப்போன பற்கூழை எடுக்கிறார்.
• வேர்க் குழாய்களைக் கிருமிநாசினி மருந்தால் கழுவிச் சுத்தப்படுத்துகிறார்.
• குழாய்களை நிரப்பி அடைக்கிறார்.
• பல்லின் மேற்பகுதியை அடைத்து, தேவையானால் அதன்மேல் ஓர் உறை போடுகிறார்.

இவ்வளவையும் ஒரே நாளில் முடிக்க முடியாமல் போகலாம். இரண்டு, மூன்று முறை கிளினிக்கிற்கு வர வேண்டியிருக்கும்.

உங்களுக்குத் தெரியுமா? உங்களில் பலர் பால் மரம் சீவிப் பிழைத்தவர்கள். வேர்க் குழாய்களை நிரப்பும் பொருளும் ஒரு மரத்தின் பால்தான். அதன் பெயர் குட்டா பெர்ச்சா. மலாய் மொழியின் 'கெத்தா' என்ற சொல்லிலிருந்தே இந்தப் பெயர் வந்தது. அது ரப்பர் மரம் அன்று. மலாயாவின் காடுகளில் வளரும் தாபான் மரம். நம் மண்ணின் மரப்பாலை 19-ஆம் நூற்றாண்டிலிருந்து உலகெங்கும் பல் மருத்துவர்கள் பயன்படுத்தி வருகிறார்கள்.

2. வலி நின்ற பிறகும் ஏன் திரும்ப வர வேண்டும்?

முதல் நாள் சிகிச்சையிலேயே பற்கூழை எடுத்துவிடுவதால் பெரும்பாலும் வலி அடங்கிவிடும். இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள்.

அடிக்கடி நடப்பது இதுதான். தோட்டத்தில் வசிக்கும் ஒரு பாட்டிக்குக் கடைவாய்ப் பல்லில் கடும் வலி. மகன் வேலைக்கு விடுப்பு எடுத்து ஜாசினுக்கு அழைத்துப் போகிறார். சிகிச்சை தொடங்குகிறது. பல்லில் தற்காலிக அடைப்பு வைத்து, அடுத்த சந்திப்பு நாளும் கொடுக்கிறார்கள். அன்று இரவு பாட்டி நிம்மதியாகத் தூங்குகிறார். சந்திப்பு நாள் வரும்போது வீட்டில் தீபாவளி வேலை. "வலிதான் இல்லையே, பிறகு போகலாம்" என்கிறார். மாதங்கள் ஓடுகின்றன. தற்காலிக அடைப்பு கரைந்து விழுகிறது. அதையும் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் சோற்றில் கிடந்த சிறு கல்லைக் கடித்ததும் பல் ஈறுக்குக் கீழே வரை பிளந்துவிடுகிறது. இனி அதைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. காப்பாற்றியிருக்கக்கூடிய பல் அது.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, அந்தப் பல்லில் இனி நரம்பு இல்லை. சூடு, குளிர், இனிப்பு எதுவும் அதில் கூசாது. புதிய சொத்தை விழுந்தாலும் அந்தப் பல் உங்களை எச்சரிக்காது. வீட்டில் நாய் இருந்தால் திருடன் வரும்போது குரைக்கும். நாய் இல்லாத வீட்டை நாம்தான் காவல் காக்க வேண்டும். வேர் சிகிச்சை செய்த பல்லும் அப்படித்தான். பல்லைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் மட்டும்தான் வலியை உணரும். அங்கே வலி வரும்போது கிருமி வெகு தூரம் போயிருக்கும்.

இரண்டாவது, அந்தப் பல் பலம் குறைந்தது. சொத்தையாலும், குழாய்களை அடைவதற்காகத் துளையிட்டதாலும் அதன் உட்சுவர்கள் மெலிந்திருக்கும். பொந்து விழுந்த மரம் வெளியே பச்சையாகத் தெரிந்தாலும் பலத்த காற்றுக்குப் பிளந்துவிடுகிறது அல்லவா? அதுபோலத்தான்.

3. சிகிச்சை செய்த அன்று

• மரத்துப்போன ஊசி மருந்தின் வேகம் குறைய இரண்டு, மூன்று மணி நேரம் ஆகலாம். அதுவரை எதையும் மென்று சாப்பிட வேண்டாம். தெரியாமலேயே உதட்டையோ நாக்கையோ கடித்துக்கொள்வீர்கள்.
• சூடான தேநீரும் காப்பியும் கூட அதுவரை வேண்டாம். வாய் வெந்துபோனாலும் உணர்வு தெரியாது.
• மரப்பு நீங்கிய பிறகு கஞ்சி, இட்லி, குழைந்த சோறு, மீன் போன்ற மென்மையான உணவை மறுபக்கத்தில் மென்று சாப்பிடுங்கள்.
• நாக்காலும் விரலாலும் குச்சியாலும் அடைப்பை நோண்டாதீர்கள்.
• அன்று இரவும் பல் துலக்குங்கள். அந்தப் பல்லை மட்டும் மெதுவாகத் துலக்கினால் போதும்.

4. முதல் வாரம்

சிகிச்சை செய்த பல்லில், குறிப்பாகக் கடிக்கும்போது, சில நாள் இலேசான வலி இருப்பது இயல்பு. அது நாளுக்கு நாள் குறைய வேண்டும். நாளுக்கு நாள் கூடினால் கிளினிக்கிற்கு வாருங்கள்.

வலிக்கு மருந்து: மருத்துவர் வேறு எதுவும் சொல்லாதவரை பாராசிட்டமோல் பொதுவாகப் பாதுகாப்பானது. 500 மில்லிகிராம் மாத்திரையை ஒரு வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு எடுக்கலாம். அடுத்த வேளைக்கு ஆறு மணி நேரம் இடைவெளி விடுங்கள். ஒரு நாளில் எட்டு மாத்திரைக்கு மேல் கூடவே கூடாது. உடல் மெலிந்தவர்களுக்கும், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும், மது அருந்துபவர்களுக்கும் இந்த அளவு இன்னும் குறைவு. மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சளிக் காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமோல் கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடாதீர்கள்.

கடையில் கேட்டு வாங்கும் மற்ற வலி மாத்திரைகளில் கவனம் தேவை. மெஃபெனமிக் அமிலம், டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் ஆகியவை சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், உயர் இரத்த அழுத்தம், இருதய நோய் உள்ளவர்களுக்குத் தீங்கு செய்யலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொண்ட மாத்திரை உங்களுக்கும் ஒத்துக்கொள்ளும் என்பதில்லை.

வீட்டு வைத்தியம்: வெதுவெதுப்பான ஒரு குவளை நீரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கலந்து வாய் கொப்பளிக்கலாம். விழுங்காமல் துப்பிவிடுங்கள். கிராம்பு எண்ணெயை ஈறில் நேரடியாகத் தடவினால் புண்ணாகும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல்லோரம் அடக்கி வைத்தால் ஈறு வெந்துவிடும். சூடத்தை வாயில் வைக்கவே கூடாது. விழுங்கினால் அது நஞ்சு.

5. தற்காலிக அடைப்பும் நிரந்தர அடைப்பும்

கூரையில் ஓட்டை விழுந்தால் உடனே தார்ப்பாய் போட்டு மூடுவோம். நாலு மழைக்கு அது தாங்கும். ஆனால் தார்ப்பாய் கூரை ஆகாது. தற்காலிக அடைப்பும் அப்படித்தான். அது சில வாரங்களுக்கு மட்டுமே. அதன் பிறகு தேய்ந்து, ஓரங்களில் இடைவெளி விழும். எச்சிலோடு கிருமிகளும் உள்ளே இறங்கி, சுத்தப்படுத்திய வேர்க் குழாய்களை மறுபடி கெடுத்துவிடும். செய்த சிகிச்சை அத்தனையும் வீணாகும்.

• மேற்பரப்பில் சிறிது தேய்வது இயல்பு. கவலை வேண்டாம்.
• துண்டாக விழுந்துவிட்டால், அல்லது நாக்குக்குக் குழி தட்டுப்பட்டால், சந்திப்பு நாள் வரை காத்திருக்காதீர்கள். உடனே கிளினிக்கிற்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். ஓரிரு நாளில் போய்விடுங்கள்.
• குழியில் பஞ்சு, மெழுகு, சூயிங்கம் போன்றவற்றை வைத்து அடைக்காதீர்கள்.
• பசை போல ஒட்டும் உணவு அடைப்பைப் பெயர்த்துவிடும். டோடோல், தேங்காய் மிட்டாய், கெட்டியான கூலா மலாக்கா ஆகியவற்றை நிரந்தர அடைப்பு வைக்கும் வரை தள்ளி வையுங்கள்.

வேர்கள் நிரப்பப்பட்ட பிறகு நிரந்தர அடைப்பு வைக்கப்படும். முன்பல்லுக்குப் பெரும்பாலும் அதுவே போதும். கடைவாய்ப் பல்தான் சோற்றையும் இறைச்சியையும் அரைக்கிறது. அதன்மேல் விழும் அழுத்தம் மிக அதிகம். அதனால் அந்தப் பல்லை முழுவதும் மூடும் உறை தேவைப்படலாம். இதைக் 'கிரவுன்' என்றும் சொல்வார்கள். இரும்புப் பூண் போட்ட உலக்கை பிளக்காதது போல, உறை போட்ட பல்லும் எளிதில் பிளக்காது.

உங்கள் பல்லுக்கு உறை தேவையா, எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், எவ்வளவு செலவாகும் என்ற மூன்று கேள்விகளையும் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். காத்திருக்க நேர்ந்தால் அதுவரை அந்தப் பக்கத்தில் கடினமான எதையும் கடிக்காதீர்கள்.

6. எதைச் சாப்பிடலாம், எதைத் தவிர்க்க வேண்டும்?

உறை போடும் வரை அந்தப் பல்லால் கடிக்கக் கூடாதவை: முறுக்கு, சீடை, வறுத்த கச்சான், ஆட்டெலும்பு, நண்டு ஓடு, கொட்டைப் பாக்கு, ஐஸ் கட்டி. வெயிலுக்கு இதமாகச் செண்டோல் குடிக்கலாம். அதில் உள்ள ஐஸை மென்று நொறுக்காதீர்கள். அரிசியையும் பருப்பையும் கல் பார்த்துச் சமைக்கச் சொல்லுங்கள்.

உறை போட்ட பிறகு வழக்கம்போல மென்று சாப்பிடலாம். அப்போதும் போத்தல் மூடியைப் பல்லால் திறப்பது, நூலைக் கடித்து அறுப்பது போன்ற பழக்கங்கள் வேண்டாம்.

இனிப்பின் மீதும் ஒரு கண் வையுங்கள். கெட்டிப் பால் ஊற்றிய தேநீரை நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருந்தால் பல் நாள் முழுவதும் சர்க்கரையில் ஊறும். குடிப்பதென்றால் சாப்பாட்டு வேளையோடு குடித்து முடியுங்கள். மற்ற நேரத்தில் தண்ணீர் குடியுங்கள்.

7. எப்படித் துலக்க வேண்டும்?

நரம்பு எடுத்த பல்லுக்கும் சொத்தை வரும். உறை போட்ட பல்லுக்கும் வரும். உறையும் ஈறும் சந்திக்கும் விளிம்பில்தான் அது முதலில் தொடங்கும்.

• காலையிலும் இரவு படுக்கும் முன்பும் இரண்டு நிமிடம் துலக்குங்கள்.
• மென்மையான பிரஷ் போதும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். கைவிரல்கள் மடங்காமல் சிரமப்படுபவர்கள் பிரஷின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிக்கொள்ளலாம்.
• ஃப்ளோரைடு கலந்த பற்பசையைப் பயன்படுத்துங்கள். துலக்கிய பின் நுரையைத் துப்பினால் போதும். உடனே நிறையத் தண்ணீரில் கொப்பளித்தால் ஃப்ளோரைடும் கழுவிப் போய்விடும்.
• உமிக்கரி, அடுப்புக்கரி, செங்கல் பொடி, தூள் உப்பு ஆகியவை பல்லையும் ஈறையும் தேய்த்துவிடும். இவற்றை விட்டுவிடுங்கள்.
• பல் இடுக்குகளைப் பல் நூலாலோ இடுக்குப் பிரஷாலோ சுத்தப்படுத்துங்கள். தீக்குச்சியும் ஊக்கும் வேண்டாம்.

8. வெற்றிலை பாக்கு போடுபவர்களுக்கு

கொட்டைப் பாக்கு கடினமானது. பலம் குறைந்த பல்லைப் பிளக்கும். சுண்ணாம்பும் பாக்குத் தூளும் பற்களின் ஓரம் படிந்து ஈறைக் கெடுக்கும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை கூறுகிறது. நீண்ட காலப் பழக்கத்தை ஒரே நாளில் விடுவது எளிதன்று. முதலில் புகையிலையை நிறுத்துங்கள், பிறகு பாக்கை நிறுத்துங்கள். இரவில் கன்னத்தில் அடக்கிக்கொண்டு படுக்காதீர்கள். பல்லைப் பார்க்கும்போதே வாயையும் பரிசோதிக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். பல் மருத்துவக் குழு உங்கள் தோட்டத்துக்கு வாய்ப்புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரும்போது தவறாமல் போய்க் காட்டுங்கள்.

9. வேறு நோய்களும் மருந்துகளும் இருந்தால்

பல் மருத்துவரிடம் போகும்போது நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

இனிப்பு நீர்: சர்க்கரை அளவு கட்டுக்குள் இல்லாவிட்டால் வேர் நுனியில் உள்ள புண் ஆறத் தாமதமாகும். சந்திப்பு நாளன்று வழக்கம்போலப் பசியாறி, மருந்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டாம்.

இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்து: வார்ஃபரின், ஆஸ்பிரின், குளோப்பிடோக்ரல் போன்றவற்றை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். பல்லுக்காக நிறுத்திய மருந்து இருதயத்துக்கோ மூளைக்கோ ஆபத்தாக முடியலாம்.

இருதயம்: செயற்கை வால்வு பொருத்தியிருந்தாலும், முன்பு இருதயத்தில் கிருமித் தொற்று ஏற்பட்டிருந்தாலும் முதலிலேயே சொல்லுங்கள்.

எலும்புத் தேய்மானம்: எலும்பு உறுதிக்கென்று ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்களுக்குப் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து சிறிது உண்டு. ஆகவே இவர்களுக்கு வேர் சிகிச்சையை முழுமையாக முடித்துப் பல்லைக் காப்பது இன்னும் முக்கியம்.

வாய் வறட்சி: இரத்த அழுத்தத்துக்கும் வேறு சில நோய்களுக்கும் கொடுக்கும் மருந்துகளால் எச்சில் சுரப்பு குறையலாம். எச்சில் குறைந்தால் சொத்தை விரைந்து வரும். அடிக்கடி தண்ணீரால் வாயை நனையுங்கள். மருந்தை நிறுத்தாமல், மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

10. பொய்ப்பல் அணிபவர்களுக்கு

உங்கள் பொய்ப்பல்லின் கம்பிக் கொக்கி வேர் சிகிச்சை செய்த பல்லைப் பிடித்திருக்கலாம். அந்தப் பல் போனால் பொய்ப்பல்லும் நிற்காது. கொக்கி படும் இடத்தில் உணவு தங்கும். அங்கே நன்றாகத் துலக்குங்கள். புதிய உறை போட்ட பிறகு பொய்ப்பல் சரியாக உட்காராவிட்டால், பலவந்தமாக அழுத்தாமல் கிளினிக்கிற்கு எடுத்து வாருங்கள். இரவில் பொய்ப்பல்லைக் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட்டு வையுங்கள்.

11. மாதம் ஒரு நாள்: பாருங்கள், தொடுங்கள், கடியுங்கள்

பல் தானாகச் சொல்லாது என்பதால் நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மறக்காமல் இருக்க, தமிழ் மாதப் பிறப்பு நாளை இதற்கென்று வைத்துக்கொள்ளலாம்.

பாருங்கள்: கண்ணாடி முன் நின்று வெளிச்சத்தில் பாருங்கள். அடைப்பு உடைந்திருக்கிறதா? ஈறில் சிறு பருவோ கொப்புளமோ தெரிகிறதா? அந்தப் பரு வந்து வந்து மறைந்தாலும், வலிக்காவிட்டாலும், அது உள்ளே சீழ் இருப்பதன் அடையாளமாக இருக்கலாம். கண் பார்வை மங்கியிருந்தால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தொடுங்கள்: கையைக் கழுவிவிட்டு, விரலால் அந்தப் பல்லின் ஈறை மெதுவாக அழுத்துங்கள். வீக்கமோ வலியோ உள்ளதா? பல் ஆடுகிறதா?

கடியுங்கள்: பற்களை மெதுவாகச் சேர்த்துக் கடியுங்கள். அந்தப் பல் மட்டும் உயரமாகத் தட்டுகிறதா? கடித்து விடும்போது சுரீரென்று வலிக்கிறதா? அப்படி வலித்தால் பல்லில் விரிசல் விழுந்திருக்கலாம்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக்கிற்கு வாருங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் மருத்துவர் சொன்ன நாளில் சோதனைக்கு வர வேண்டும். வேர் நுனியில் கெட்டுப்போன எலும்பு மறுபடி வளர மாதக்கணக்கில் ஆகும். ஓராண்டு கழித்து எடுக்கும் எக்ஸ்ரே படத்தில்தான் பல சமயம் அது தெளிவாகத் தெரியும்.

12. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

• முகமோ கழுத்தோ தாடைக்குக் கீழோ வேகமாக வீங்குதல்
• கண் மூடும் அளவுக்கு வீக்கம்
• வாயைத் திறக்க முடியாமை
• விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம்
• வீக்கத்தோடு கடும் காய்ச்சல், நடுக்கம், மயக்கம்

இந்த நிலையில் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மலாக்கா மருத்துவமனை, அலோர் காஜா மருத்துவமனை, ஜாசின் மருத்துவமனை ஆகியவற்றில் அருகில் உள்ளதன் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். வாகனம் இல்லையென்றால் 999-ஐ அழையுங்கள். வீக்கத்தின் மேல் சூடான ஒத்தடம் கொடுக்கக் கூடாது.

13. பலரும் கேட்கும் கேள்விகள்

வேர் சிகிச்சை செய்த பல் செத்த பல்தானே? அது உடம்பில் இருந்தால் விஷம் இல்லையா?
இல்லை. பல்லுக்குள் நரம்பு இல்லாவிட்டாலும், அதைச் சுற்றியுள்ள எலும்பும் ஈறும் உயிரோடு அதைத் தாங்கி நிற்கின்றன. முறையாகச் சுத்தப்படுத்தி மூடிய பல் உடம்புக்குத் தீங்கு செய்யாது. பாதியில் விட்ட பல்லில்தான் கிருமி வளரும்.

மேல் பல்லில் கை வைத்தால் கண் பார்வை போய்விடும் என்கிறார்களே?
அது உண்மையன்று. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வைக்கான நரம்பு வேறு. ஆனால் மேல் பல்லில் சீழ் கட்டியதைக் கவனிக்காமல் விட்டால் வீக்கம் கண் வரை ஏறலாம். ஆபத்து சிகிச்சையில் இல்லை, தாமதத்தில்தான் இருக்கிறது.

மறுபடி வலி வந்தால், போன முறை மிஞ்சிய கிருமிக்கொல்லி மாத்திரையைச் சாப்பிடலாமா?
வேண்டாம். மருந்து இரத்தத்தின் வழியாகத்தான் போய்ச் சேரும். பற்கூழ் எடுத்த பல்லுக்குள் இரத்த ஓட்டம் இல்லை. மாத்திரையால் வலி சில நாள் அடங்கலாம்; உள்ளே இருக்கும் கிருமி போகாது. மிஞ்சிய மாத்திரையை மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பல் கறுத்துப் போகிறதே?
சில பற்கள் நாளடைவில் நிறம் மாறும். அது மட்டும் நோயின் அடையாளமன்று. அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்த வயதில் ஒரு பல்லுக்காக இவ்வளவு அலைய வேண்டுமா?
வேண்டும். ஜப்பானில் 1989 முதல் "80 வயதில் 20 பற்கள்" என்ற இயக்கம் நடந்து வருகிறது. ஏறத்தாழ இருபது பற்கள் இருந்தால் பெரும்பாலான உணவை நன்றாக மென்று சாப்பிடலாம் என்பதே அதன் அடிப்படை. கடைவாய்ப் பற்கள் போன பிறகு கீரைத் தண்டும் கொய்யாப்பழமும் இறைச்சியும் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக விலகிப் போகும். கடைசியில் கஞ்சி மட்டும் மிஞ்சும். உடல் மெலியும். உங்கள் வாயில் மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு பல்லும் விலை மதிப்புள்ளது.

14. கிளினிக்கிற்குப் போகும்போது

மலாக்கா தெங்ஙா, அலோர் காஜா, ஜாசின் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் அரசாங்கப் பல் கிளினிக்குகள் உள்ளன. பெயர்ப் பலகையில் 'கிளினிக் பெர்கிகியான்' என்று எழுதியிருக்கும். அடையாள அட்டையையும் சந்திப்பு அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை பற்றிப் பதிவு முகப்பிடத்தில் கேளுங்கள். சிகிச்சையைத் தனியார் கிளினிக்கில் தொடங்கியிருந்தால், எந்தப் பல்லில் என்ன செய்தார்கள் என்ற குறிப்பையும் எக்ஸ்ரே படத்தையும் கேட்டு வாங்கி வாருங்கள்.

முகப்பிடத்தில் சொல்ல உதவும் மலாய்ச் சொற்கள்:

• சாக்கிட் கிகி: பல் வலி
• ராவாத்தான் ஆக்கார்: வேர் சிகிச்சை
• தம்பாலான் செமெந்தாரா: தற்காலிக அடைப்பு
• பெங்காக்: வீக்கம்
• நானா: சீழ்
• கெஞ்சிங் மானிஸ்: இனிப்பு நீர்
• தெமு ஜாஞ்சி: சந்திப்பு நாள்

சந்திப்பு நாளில் வர முடியாவிட்டால் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி வேறு நாள் வாங்குங்கள். போகாமல் விட்டுவிடாதீர்கள்.

குடும்பத்தினருக்கு: அப்பாவோ அம்மாவோ "வலி இல்லை" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளுக்குத் தொல்லை கொடுக்கக் கூடாது என்பதற்காகவே பல பெரியவர்கள் அப்படிச் சொல்வார்கள். அடுத்த சந்திப்பு நாளை நாள்காட்டியில் குறித்து, உங்கள் கைப்பேசியிலும் நினைவூட்டல் வையுங்கள். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குப் போகும் பேருந்தை நம்பி அவர்களைத் தனியே அனுப்ப வேண்டியிருந்தால், பகல் வேளையில் சந்திப்பு நேரம் கேட்டு வாங்குங்கள்.

நினைவில் கொள்க

1. வலி நின்றாலும் சிகிச்சையை முடியுங்கள்.
2. தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்கு மட்டுமே. விழுந்தால் உடனே வாருங்கள்.
3. கடைவாய்ப் பல்லுக்கு உறை தேவையா என்று கேளுங்கள்.
4. உறை போடும் வரை கடினமானதைக் கடிக்காதீர்கள்.
5. நாளுக்கு இரண்டு முறை ஃப்ளோரைடு பற்பசையால் துலக்குங்கள்.
6. மாதம் ஒரு நாள் பாருங்கள், தொடுங்கள், கடியுங்கள்.
7. வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

என் அடுத்த சந்திப்பு நாள்: ........................ நேரம்: ................

இந்தப் பக்கத்தைப் பிரித்தெடுத்து, நாள்தோறும் உங்கள் கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள்.